வயலுக்கு வந்த இரும்பு – 6: கலப்பைக்கு முளைத்த கை

சென்ற வாரம் ஒரு டிராக்டரின் முன்சக்கரங்களை அந்தரத்தில் நிறுத்திவிட்டுப் போயிருந்தோம். அங்கிருந்தே தொடங்குவோம்.

1917இல் ஹென்றி ஃபோர்டு கொண்டுவந்த ஃபோர்ட்ஸன் டிராக்டர் விலை மலிவு, உழைப்பு அதிகம் என்று பேர் வாங்கியது. கூடவே ஆளைக் கொல்லும் வண்டி என்ற பேரையும் வாங்கியது. அதன் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துவரும் கலப்பை, மண்ணுக்குள் கிடக்கும் பாறையிலோ வேரிலோ சிக்கிக்கொள்ளும். கலப்பை நகராது, அதனால் பின்சக்கரமும் நகராது. ஆனால் எஞ்சின் விடாது. சக்கரம் சுற்ற வழியில்லை என்றால் வண்டியே சுற்றும். பின் அச்சு அப்படியே இருக்க, முன்பக்கம் குதிரை முன்னங்காலைத் தூக்குவதுபோல எழும்பும். ஓட்டுகிறவர் கிளட்சைத் தேடிக் காலை வைப்பதற்குள் வண்டி மல்லாந்துவிடும். அடியில் அவர் கிடப்பார்.

அந்த ஆளைக் காப்பாற்றும் வழியை ஒரு விவசாயி வீட்டுப் பையன் கண்டுபிடித்தார். அதிலிருந்து ஒரு பெரும் தொழில் முளைத்தது. அந்தத் தொழிலின் ஒரு கிளை, கடனாநதிக் கரைக் குடும்பம் ஒன்றின் கைக்கு வந்து சேர்ந்தது. ஆனால் அவர் என்ன கண்டுபிடித்தார் என்று புரிந்துகொள்ள முதலில் அயர்லாந்துக்குப் போக வேண்டியதில்லை. சேரன்மகாதேவிக்குப் போனால் போதும்.

*

கன்னடியன் கால்வாயில் தண்ணீர் வந்துவிட்டது. பிசானப் பருவத்துக்கு உழவு. மாடு பூட்டிய நாட்டுக் கலப்பையின் பின்னால் அப்பன் நடக்கிறார், பக்கத்தில் மகன் நடக்கிறான். முதல் முறையாக மேழி மகன் கைக்கு வருகிறது. பையன் தன் பலத்தையெல்லாம் காட்டி அமுக்குகிறான்.

“எலே, அப்படி அமுக்காதல. சும்மா பிடி. கீழ என்ன கெடக்குன்னு கை சொல்லும்.”

ஆற்றுப் பாசனத்து ஊர் எதிலும் இந்தப் பாடத்தைத்தான் முதலில் சொல்லிக்கொடுப்பார்கள். கொழு எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது, கைக்குத் தெரியும். மண் இறுகினால் மேழி கனக்கும். உடனே கை லேசாகத் தூக்கிக்கொடுக்கும். மண் இளகினால் மேழி துள்ளும். கை கொஞ்சம் அமுக்கும். வேரில் தட்டினால் மாடு தானாக நின்றுவிடும். மனிதன் கலப்பையைப் பின்னுக்கு வாங்கி, தூக்கித் தாண்டவைத்து, மறுபடி இறக்குவான். மாடும் ஏர்க்காலும் மேழியும் மனிதனும் சேர்ந்து ஒரே உடம்பு. அந்த உடம்புக்கு முன்னால் பலமும் பின்னால் உணர்ச்சியும் இருந்தன.

டிராக்டர் வந்தபோது என்ன நடந்தது? மாட்டை அவிழ்த்துவிட்டு அந்த இடத்தில் எஞ்சினைப் பூட்டினார்கள். பலம் பத்து மடங்கானது. உணர்ச்சி போயிற்று. கலப்பை எங்கோ பின்னால் தனியாக, தன் சொந்தச் சக்கரங்களில் ஊர்ந்துவந்தது. மண் சொன்ன சேதியைக் கேட்க மேழியில் கை இல்லை. மாட்டுக்கு நிற்கத் தெரிந்தது, எஞ்சினுக்குத் தெரியவில்லை. ஃபோர்ட்ஸன் மல்லாந்ததற்குக் காரணம் இதுதான்.

*

ஹாரி ஃபெர்குசன் 1884 நவம்பர் 4ஆம் தேதி, இன்றைய வட அயர்லாந்தின் டவுன் மாவட்டத்தில் குரோவெல் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பாவுக்கு விவசாயம். பையனுக்கோ வயல்வேலை வேப்பங்காய். 1902இல் வீட்டை விட்டு பெல்ஃபாஸ்டுக்குப் போய், அண்ணன் ஜோ நடத்திய வண்டிப் பட்டறையில் சேர்ந்துகொண்டார். கார் என்றால் கார், மோட்டார் சைக்கிள் என்றால் மோட்டார் சைக்கிள், எதையும் பிரித்துப் போட்டுப் பார்க்கும் கை. விமானம் என்ற ஒன்று உலகில் பறக்கத் தொடங்கியிருக்கிறது என்று கேள்விப்பட்டதும் தானே ஒன்றைக் கட்டினார். 1909 டிசம்பர் 31 அன்று, காற்று பலமாக அடித்துக்கொண்டிருந்தபோதே அதை எழுப்பினார். 130 கஜம் பறந்தது. அயர்லாந்து மண்ணிலிருந்து விமானத்தில் எழும்பிய முதல் மனிதர் அவர்தான்.

வயலை விட்டு ஓடியவரை உலகப் போர் மறுபடி வயலுக்கே இழுத்துவந்தது. ஜெர்மன் நீர்மூழ்கிகள் உணவுக் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்த நேரம். அவரவர் மண்ணில் விளைவதைத்தான் அவரவர் தின்ன வேண்டும் என்ற நிலை. 1917இல் அயர்லாந்தின் விவசாயத் துறை ஃபெர்குசனைக் கூப்பிட்டு, அங்கங்கே ஓடும் டிராக்டர்கள் ஒழுங்காக உழுகின்றனவா என்று பார்த்துச் சரிசெய்யச் சொன்னது. அவரும் அவருடைய மெக்கானிக் வில்லி சாண்ட்ஸும் வயல் வயலாகப் போனார்கள்.

இரண்டு விஷயங்கள் கண்ணில் பட்டன. ஒன்று, வண்டி மல்லாந்துவிடும் அபாயம். இன்னொன்று, வீண் கனம். சக்கரம் வழுக்காமல் பிடிமானம் கிடைக்க வேண்டுமே என்று டன் கணக்கில் இரும்பைச் சேர்த்து வண்டியைச் செய்திருந்தார்கள். அந்தக் கனமே மண்ணை மிதித்து இறுக்கியது. உழ வந்த வண்டி, உழுத மண்ணைக் கல்லாக்கிக்கொண்டிருந்தது.

கலப்பையையும் டிராக்டரையும் இரண்டாக வைத்திருப்பதுதான் தப்பு என்று ஃபெர்குசனுக்குப் பட்டது. அவற்றை ஒரே உடம்பாக்க வேண்டும். ஒற்றை வரியில் சொல்லிவிடலாம். செய்துமுடிக்கப் பல ஆண்டுகள் பிடித்தன. முதலில் ஃபோர்டு காரையே டிராக்டராக மாற்றும் ஒரு வண்டிக்கு ஏற்ற கலப்பை செய்தார். அது சந்தைக்கு வரவும் ஃபோர்ட்ஸன் வந்து அந்த வண்டியையே ஓரங்கட்டியது. சரி என்று ஃபோர்ட்ஸனுக்கே கலப்பை செய்து, அமெரிக்காவில் ஷெர்மன் சகோதரர்களோடு சேர்ந்து விற்றார். 1928இல் ஃபோர்டு அமெரிக்காவில் ஃபோர்ட்ஸன் தயாரிப்பையே நிறுத்திவிட்டார். இரண்டு தடவை விதைத்தார். இரண்டு தடவையும் அறுக்கும் நேரத்தில் வயலே இல்லாமல் போயிற்று.

இனி அடுத்தவன் வண்டியை நம்பிக் கலப்பை செய்வதில்லை என்று முடிவெடுத்தார். 1933இல் பெல்ஃபாஸ்டில் ஒரு டிராக்டர் தயாரானது. முழுக்கக் கறுப்பு. ஒன்றே ஒன்றுதான் செய்தார்கள். இன்று அது லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

*

அந்தக் கறுப்பு வண்டியின் பின்பக்கத்தைப் பாருங்கள். நம்மூர் டிராக்டர் எதன் பின்பக்கத்தைப் பார்த்தாலும் அதேதான். கீழே இடமும் வலமுமாக இரண்டு இரும்புக் கரங்கள். மேலே நடுவில் ஒன்று. மூன்று முனைகளில் கலப்பை மாட்டப்படுகிறது. கீழ்க்கரம் இரண்டும் கலப்பையை இழுக்கின்றன. மண் கலப்பையைப் பின்னுக்குத் தள்ளும்போது, கலப்பை முன்னோக்கிச் சாயப் பார்க்கும். சாயவிடாமல் மேல்கரம் தாங்கிப்பிடிக்கும். அந்தத் தாங்கலில் பிறக்கும் விசை டிராக்டரின் முன்பக்கத்தைக் கீழே அழுத்துகிறது. எந்த விசை முன்பு வண்டியை மல்லாக்கியதோ, அதே விசை இப்போது வண்டியைத் தரையோடு பிடித்துவைக்கிறது. கலப்பையின் கனமும் மண்ணின் அழுத்தமும் பின்சக்கரத்தின் மேல் ஏறுவதால், டன் கணக்கில் வீண் இரும்பும் தேவையில்லை. வண்டி இளைத்தது, வேலை பெருத்தது.

இதைவிடப் பெரிய விஷயம் மேல்கரத்தின் முனையில் இருக்கும் ஒரு சுருள்வில். மண் இறுகினால் வில் அமுங்கும். வில் அமுங்கினால் ஹைட்ராலிக் வால்வு திறந்து, கலப்பை ஒரு விரற்கடை மேலே எழும்பும். மண் இளகினால் வில் தளரும். கலப்பை கொஞ்சம் இறங்கும். இதை யாரும் உட்கார்ந்து இயக்க வேண்டாம்.

சேரன்மகாதேவி வயலில் அப்பன் மகனுக்குச் சொன்ன அதே பாடம். மேழி கனத்தால் தூக்கு, துள்ளினால் அமுக்கு. பல்லாயிரம் ஆண்டுகளாக உழவனின் உள்ளங்கையில் இருந்த அறிவை ஃபெர்குசன் ஒரு சுருள்வில்லுக்கும் எண்ணெய்க் குழாய்க்கும் சொல்லிக்கொடுத்துவிட்டார். கலப்பைக்குக் கை முளைத்தது.

1926இல் அந்தக் கைக்குக் காப்புரிமை கிடைத்திருந்தது. 1936இல் டேவிட் பிரவுன் என்ற பல்சக்கரத் தயாரிப்பாளரோடு சேர்ந்து டிராக்டர் விற்கத் தொடங்கினார். ஆயிரத்துச் சொச்சம் வண்டிகள் போயின. அதற்குள் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. ஃபெர்குசன் ஒரு டிராக்டரைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு, ஃபோர்ட்ஸனைப் பெற்றவரையே பார்க்க அமெரிக்கா கிளம்பினார்.

*

1938 அக்டோபர். மிச்சிகன் மாநிலத்தில் ஹென்றி ஃபோர்டின் பண்ணை. ஃபோர்டுக்கு வயது 75. அவரும் விவசாயி மகன்தான். ஏரின் பின்னால் நடந்த கால்வலியை மறக்காதவர். ஃபெர்குசனின் சின்ன வண்டி உழுவதைப் பார்த்தார். தன் வண்டிகள் திணறிய இடத்தில் இது பாட்டுக்குப் போய்வந்தது. வீட்டிலிருந்து ஒரு மேசையும் இரண்டு நாற்காலிகளும் கொண்டுவந்து வயல் ஓரத்தில் போட்டார்கள். ஃபெர்குசன் தன்னோடு கொண்டுவந்திருந்த பொம்மை டிராக்டரை மேசைமேல் ஓடவிட்டு விளக்கினார்.

பேச்சு முடிந்தது. ஃபெர்குசன் வடிவமைப்பார், விற்பார், ஃபோர்டு தயாரித்துக்கொடுப்பார். வேண்டாம் என்றால் யாரும் எப்போதும் விலகிக்கொள்ளலாம். இருவரும் எழுந்து கைகுலுக்கிக்கொண்டார்கள். பத்திரம் இல்லை, கையெழுத்து இல்லை, சாட்சிக்கையெழுத்தும் இல்லை.

நம் ஊரில் மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிறவர்கள்கூட முன்பணம் என்று ஒன்று கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவார்கள். இங்கே அதுவும் கிடையாது. உலகின் மிகப்பெரிய மோட்டார் முதலாளிகளில் ஒருவரும் ஒரு பட்டறைக்காரரும் வெறுங்கையில் செய்துகொண்ட அந்த ஒப்பந்தத்தில், 1939 ஜூனிலிருந்து 1947 வரை மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட டிராக்டர்கள் வெளிவந்தன.

பிறகு கை மாறியது. ஃபோர்டின் பேரன், இரண்டாம் ஹென்றி ஃபோர்டு, நிர்வாகத்துக்கு வந்தார். தாத்தா யாரிடம் என்ன பேசினார் என்பதற்குக் காகிதம் ஏது? ஒப்பந்தம் முடிந்தது என்றார். அதோடு விட்டிருந்தால் சரி. அதே மூன்று முனைக் கரங்களை வைத்துத் தன் பெயரில் புது டிராக்டரும் விட்டார். ஃபெர்குசன் 1948இல் வழக்குப் போட்டார். கேட்ட நஷ்டஈடு 25 கோடியே 10 லட்சம் டாலர். நான்கு ஆண்டு இழுத்து, 1952இல் சமரசமாகக் கைக்கு வந்தது 92.5 லட்சம் டாலர்.

வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரில் அவருடைய சாம்பல் நிறச் சின்ன டிராக்டர் வந்துகொண்டுதான் இருந்தது. 1946 முதல் 1956 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல். அவர் டிராக்டரை மட்டும் விற்கவில்லை. கலப்பை, பரம்பு, விதைப்பான் எல்லாம் அதே மூன்று முனையில் மாட்டும்படி குடும்பமாக விற்றார். கழற்றவும் பூட்டவும் ஒரே ஸ்பேனர் போதும். அந்த ஸ்பேனரிலேயே அங்குலக் கோடுகள் போட்டிருக்கும், அளவுகோலாகவும் வைத்துக்கொள்ளலாம். வயல் நடுவில் நிற்கும் விவசாயியின் கஷ்டம் தெரிந்தவன்தான் அப்படி யோசிப்பான். எவரெஸ்ட் ஏறிய எட்மண்ட் ஹிலாரி 1958 ஜனவரி 4ஆம் தேதி தென்துருவம் போய்ச் சேர்ந்ததும் ஃபெர்குசன் டிராக்டர்களில்தான்.

1953இல் கனடாவின் மாஸி-ஹாரிஸ் நிறுவனத்தோடு இணைப்பு. அந்த நிறுவனத்துக்கும் மூலம் ஒரு விவசாயிதான். டேனியல் மாஸி 1847இல் ஒன்டாரியோவில் போட்ட பட்டறை அது. விலை பேசும்போது 10 லட்சம் டாலரில் பேச்சு முட்டிக்கொண்டு நின்றது. நாணயத்தைச் சுண்டிப் பார்த்துவிடலாம் என்றார் ஃபெர்குசன். சுண்டினார்கள். தோற்றார். 10 லட்சம் டாலரைச் சிரித்துக்கொண்டே விட்டுக்கொடுத்தார் என்பார்கள். சில ஆண்டுகளில் அந்த நிறுவனத்தின் பெயர் மாஸி ஃபெர்குசன் என்று சுருங்கியது.

*

இனி நம்ம ஊர்.

மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து இறங்கும் கடனாநதி, திருப்புடைமருதூரில் தாமிரபரணியோடு சேர்கிறது. அந்தக் கடனாநதிக் கரையில் சிவசைலம். சாமி பெயர் சிவசைலநாதர், அம்பாள் பரமகல்யாணி. பக்கத்தில் ஆழ்வார்குறிச்சி. அந்த ஊரோடு வேர்விட்ட குடும்பத்தில் வந்தவர் எஸ். அனந்தராமகிருஷ்ணன். மகனுக்குச் சிவசைலம் என்றே பெயர். ஆழ்வார்குறிச்சியில் அக்குடும்பம் நிறுவிய கல்லூரிக்கு அம்பாளின் பெயர். சென்னைக்குப் போனாலும் ஊர் விட்டுப்போகாத ஆட்கள்.

தமிழ்நாட்டு மோட்டார் தொழிலின் இரண்டு பெரிய வீடுகளுக்கும் அஸ்திவாரம் நெல்லைச் சீமைதான். ஒன்று, திருக்குறுங்குடியிலிருந்து மதுரைக்குப் போய் பஸ் விட்ட டி.வி. சுந்தரம் ஐயங்கார் வீடு. இன்னொன்று இது.

சென்னையில் 1840 முதல் குதிரை வண்டி கட்டிக்கொண்டிருந்த வெள்ளைக்காரக் கம்பெனி சிம்சன். அதற்குள் நுழைந்த அனந்தராமகிருஷ்ணன், படிப்படியாக ஏறி அதன் தலைவராகவே ஆனார். 1938இல் பிறந்த அமால்கமேஷன்ஸ் குழுமத்தின் குடைக்கீழ் கம்பெனி கம்பெனியாகச் சேர்ந்தன. அங்கே ஃபோர்டும் ஃபெர்குசனும் கைகுலுக்கிய அதே வருடம்! இரண்டு கதைகளும் அப்போது ஒன்றையொன்று அறியாது.

அவற்றை முடிச்சுப் போட்டது ஒரு எஞ்சின். 1950களில் சிம்சன், இங்கிலாந்தின் பெர்கின்ஸ் டீசல் எஞ்சின்களைச் சென்னையில் செய்யத் தொடங்கியது. சாம்பல் நிற டிராக்டரின் வாரிசான மாஸி ஃபெர்குசன் 35க்குப் பொருத்தப்பட்டதும் பெர்கின்ஸ் டீசல்தான். 1959இல் பெர்கின்ஸையே மாஸி ஃபெர்குசன் வாங்கிவிட்டது. எஞ்சின் ஏற்கெனவே சென்னையின் செம்பியம் பக்கம் வந்துவிட்டது. டிராக்டர் வர எவ்வளவு நேரம்?

1960 அக்டோபர் 25 அன்று ஹாரி ஃபெர்குசன் இங்கிலாந்தில் இறந்துபோனார். அதே 1960இல் சென்னையில் ஒரு கம்பெனி பதிவானது: டிராக்டர்ஸ் அண்ட் ஃபார்ம் எக்யுப்மென்ட். ஊர் வாயில் டாஃபே. தொழில்நுட்பம் மாஸி ஃபெர்குசனுடையது. முதலாளி நெல்லைக்காரர். குரோவெல் பையனின் கண்டுபிடிப்பு அவர் கண் மூடிய ஆண்டிலேயே தமிழ்நாட்டில் இன்னொரு முறை பிறந்தது.

*

1961. செம்பியம் ஆலையிலிருந்து டிராக்டர்கள் வெளியே வருகின்றன. பின்னால் அதே மூன்று கரங்கள். மேலே அதே சுருள்வில். புஞ்சைக்காரர்கள் சுற்றிவந்து பார்த்துத் தலையாட்டினார்கள். வண்டியை விற்பது சுலபம்தான் என்று தோன்றிய நேரம்.

ஆனால் முதலாளியின் சொந்த ஆற்றங்கரையில் உழவு புழுதியில் நடப்பதில்லை. கன்னடியன் காலிலும் கோடைமேலழகியான் காலிலும் தண்ணீரைக் கட்டி, முழங்கால் சேற்றில் தொளி அடிக்க வேண்டும். ஃபெர்குசனின் கை காய்ந்த மண்ணின் கனத்தைக் கேட்டுப் பழகிய கை. கூழாகக் கரைந்த சேறு எதிர்த்துத் தள்ளாது. எதிர்ப்பு இல்லையென்றால் மேல்கரத்தில் அழுத்தம் இல்லை. அழுத்தம் இல்லையென்றால் வில்லுக்குச் சேதி வராது. பின்சக்கரம் பிடிக்கத் தரையும் இல்லை. முன்பு வானத்தைப் பார்த்து எழும்பிய டிராக்டருக்கு இப்போது பூமிக்குள் இறங்கும் ஆபத்து.

வரப்பில் டிராக்டர். கீழே பிசானத்துக்குக் கட்டிய தண்ணீர். வரப்பின் அந்தப் பக்கம், நுகத்தடியில் பூட்டிய ஒரு ஜோடி மாடு சும்மா நின்று வேடிக்கை பார்க்கிறது.

டிரைவர் கியரைப் போட்டார். முன்சக்கரம் சேற்றுக்குள் இறங்கியது. பின்சக்கரமும் இறங்கியது.

அப்புறம் நின்றுவிட்டது.

(தொடரும்)

அடுத்த வாரம்: தொளிக்குள் சிக்கிய வண்டியை மீட்ட இரும்புக் கூண்டுச் சக்கரம். கேளம்பாக்கத்தில் 1964இல் தொடங்கிய ஒரு பண்ணை. அதற்கடுத்து, ‘மாஸி ஃபெர்குசன்’ என்ற பெயர் இந்தியாவில் யாருக்குச் சொந்தம் என்று நீதிமன்றப் படியேறிய கதை.